கிளாம்ப் மீட்டர் ஏன் பூஜ்யம் காட்டுகிறது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீட்டு மின்கட்டணம் திடீரென்று ஏறிவிட்டது. எந்தச் சாதனம் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று பார்க்க, வயரை வெட்டாமல், தொடாமல் அளக்கலாம் என்று கேள்விப்பட்டு, வாயைத் திறந்து வயரைச் சுற்றிக் கவ்வும் கிளாம்ப் மீட்டர் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். மிக்ஸி ஓடும்போது அதன் வயரில் மாட்டினீர்கள், 0.00 காட்டியது. இன்வெர்ட்டர் பேட்டரியின் தடித்த வயரில் மாட்டினீர்கள், அங்கும் பூஜ்யம். மீட்டர் பழுதா, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்கிறீர்கள்.

மீட்டர் பழுதில்லை. இரண்டு இடத்திலும் அது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. ஆனால் இரண்டு பூஜ்யங்களுக்கும் காரணம் வேறு வேறு.

முதலில் மிக்ஸி. 1820இல் கோபன்ஹேகனில் ஓர்ஸ்டெட் என்ற பேராசிரியர், மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் இருந்த திசைகாட்டி முள் அசைவதைக் கண்டார். கிளாம்ப் மீட்டரின் கதை அங்கே தொடங்குகிறது. கம்பியில் மின்னோட்டம் இருந்தால் அதைச் சுற்றி வளையம் வளையமாகக் காந்தப்புலம் இருக்கும். பிளாஸ்டிக் உறை அதைத் தடுக்காது. ஆகவே கம்பியைத் தொடவே வேண்டாம், சுற்றியிருக்கும் காந்தப்புலத்தை அளந்தால் போதும். 1 ஆம்பியர் ஓடும் கம்பியிலிருந்து 1 சென்டிமீட்டர் தள்ளி 20 மைக்ரோடெஸ்லா இருக்கும். தமிழ்நாட்டில் பூமியின் சொந்தக் காந்தப்புலமே ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. அதாவது நாம் தேடுவது மிகச் சிறிய ஒன்று. அதைத் திரட்டித் தரத்தான் மீட்டரின் வாய் இரும்பால் செய்யப்பட்டிருக்கிறது.

மிக்ஸி வயருக்குள் இருப்பது ஒரு கம்பி அல்ல. ஃபேஸ், நியூட்ரல், எர்த் என்று மூன்று. ஃபேஸில் 2 ஆம்பியர் போனால் அதே 2 ஆம்பியர் நியூட்ரலில் திரும்பி வருகிறது. ஒன்றின் புலம் வலமாகச் சுற்றினால் மற்றதன் புலம் இடமாகச் சுற்றும். இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் கூட்டுத்தொகை பூஜ்யம். வாசல் வழியாக உள்ளே போன இருபது பேரும் அதே வாசல் வழியாக வெளியே வந்துவிட்டால் கணக்குப் பார்ப்பவன் நோட்டில் ஒன்றும் மிஞ்சாதல்லவா, அதுபோல. இந்தப் பூஜ்யத்தை மறந்துவிடாதீர்கள், கடைசியில் இதுதான் நமக்குப் பெரிதாக உதவப் போகிறது.

சரி, மிக்ஸியின் மின்னோட்டத்தை எப்படிப் பார்ப்பது? மிக்ஸி வயரைக் கிழிக்க வேண்டாம். ஒரு மூன்று முள் பிளக், ஒரு சாக்கெட், இடையில் அரை மீட்டர் மூன்று கோர் கேபிள் வாங்கி ஒரு சிறிய எக்ஸ்டென்ஷன் செய்துகொள்ளுங்கள். நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு வெளி உறையை மட்டும் நீளவாக்கில் கீறி எடுக்க வேண்டும். பிளேடை அழுத்தாமல், உறையின் முக்கால் கனம் வரை கீறி, கேபிளை வளைத்தால் மிச்சம் தானே பிளக்கும். இப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் வண்ண உறைகளில் கீறல் விழாது. விழுந்துவிட்டால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுங்கள், டேப் சுற்றிச் சமாளிக்க வேண்டாம். பிறகு ஃபேஸுக்கான சிவப்புக் கம்பியை மட்டும் ஒரு வளையமாக வெளியே இழுத்து விடுங்கள். இனி எந்தச் சாதனத்தையும் இந்தச் சாக்கெட்டில் செருகி, அந்தச் சிவப்பு வளையத்தை மட்டும் மீட்டரால் கவ்வினால் எண் வரும். எங்கள் பட்டறையில் இதற்குத் தனிப் பெயர் கிடையாது, ‘அந்தப் பிரிச்ச வயரை எடு’ என்போம்.

இன்னொரு தந்திரமும் உண்டு. 9 வாட் எல்இடி பல்பு எடுப்பது மிகச் சிறிய மின்னோட்டம். சாதாரண கிளாம்ப் மீட்டரின் கடைசி இலக்கம் அங்கே நம்பகமானதல்ல. சிவப்புக் கம்பியைச் சற்று நீளமாக விட்டு, மீட்டரின் வாய்க்குள் 10 முறை சுற்றுங்கள். ஒரே மின்னோட்டம் 10 முறை உள்ளே நுழைவதால் 10 மடங்கு காட்டும். வந்த எண்ணைப் பத்தால் வகுத்துக்கொள்ளலாம். வாய் முழுவதும் மூடியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டு இரும்பு முகங்களுக்கு நடுவில் சிறு தூசி இருந்தாலும் எண் குறைந்துவிடும். பழைய டாங் டெஸ்டர்கள் (கிளாம்ப் மீட்டரின் இன்னொரு பெயர்) பொய் சொல்வதற்குப் பாதிக் காரணம் அந்த அழுக்குத்தான்.

உள்ளே நடப்பது ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேலை. நீங்கள் கவ்விய கம்பி ஒரு சுற்று. இரும்பின் மேல் மெல்லிய தாமிரக் கம்பி, சொல்லப்போனால் 2000 சுற்று. வெளியே 100 ஆம்பியர் ஓடினால் உள்ளே 50 மில்லியாம்பியர் ஓடும். அதை ஒரு சிறு ரெசிஸ்டர் வழியாக விட்டால் அளக்கத்தக்க வோல்ட்டேஜ் கிடைக்கும். இதைத்தான் சி.டி. (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) என்கிறோம்.

இரண்டாவது பூஜ்யத்துக்கும் விடை இங்கேயே இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மருக்கு மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் வேண்டும். வீட்டு வயரில் ஓடுவது மாறுமின்னோட்டம், அதன் புலம் அப்படி மாறும். பேட்டரியில் ஓடுவது நேர்மின்னோட்டம். 60 ஆம்பியர் போனாலும் புலம் அசையாமல் நிற்கும், காயிலில் ஒன்றும் தூண்டப்படாது. காந்தப்புலம் அங்கே இல்லாமல் இல்லை. நம்பிக்கை வராவிட்டால் மின்வெட்டு நேரத்தில், இன்வெர்ட்டர் ஓடும்போது, கைபேசியின் திசைகாட்டியைப் பேட்டரி வயர் ஒன்றின் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். வடக்கு எங்கேயோ ஓடிவிடும். ஓர்ஸ்டெட் கண்டதும் அதைத்தான்.

நேர்மின்னோட்டத்துக்கு ஹால் உணரி வைத்த கிளாம்ப் வேண்டும். 1879இல் எட்வின் ஹால் என்ற அமெரிக்க மாணவர், மெல்லிய தங்கத் தகட்டில் மின்சாரத்தை ஓடவிட்டு, குறுக்கே காந்தத்தை வைத்தால் தகட்டின் இரு பக்கவாட்டு ஓரங்களுக்கு இடையே சிறு வோல்ட்டேஜ் தோன்றுவதைக் கண்டார். புலம் அசைய வேண்டியதில்லை, இருந்தால் போதும். இன்று தங்கத் தகட்டுக்குப் பதில் மிளகளவு சில்லு, கிளாம்ப்பின் இரும்பு வாயில் சிறு இடைவெளி விட்டு அதில் உட்கார்ந்திருக்கிறது. வாங்கும்போது மீட்டரின் மேல் ஆம்பியர் குறிக்குப் பக்கத்தில் மாறுமின்னோட்டத்துக்கான அலைக்கோடு மட்டும் இருக்கிறதா, நேர்மின்னோட்டத்துக்கான நேர்க்கோடும் இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுடையதில் அலைக்கோடு மட்டும்தான் இருக்கும். நேர்க்கோடு உள்ளவற்றில் ‘ஜீரோ’ பொத்தான் ஒன்று இருக்கும். இரும்பில் தங்கிப்போன காந்தத்தையும் பூமியின் புலத்தையும் கழிக்க, கவ்வுவதற்கு முன் அதை ஒருமுறை அழுத்த வேண்டும். அழுத்தாமல் அளந்துவிட்டு, எதுவும் ஓடாத சோலார் வயரில் அரை ஆம்பியர் ஓடுகிறது என்று வாதாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனிதான் முக்கியமான இடம். கிளாம்ப் தருவது ஆம்பியர். உங்கள் கட்டணம் ஆம்பியருக்கு இல்லை. வாட்டுக்கும் நேரத்துக்கும்தான். வீட்டு வோல்ட்டேஜான 230ஆல் பெருக்கினால் வாட் வந்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். அயர்ன் பாக்ஸுக்கும் ஹீட்டருக்கும் அது சரி. மற்றவற்றுக்குப் பெரும்பாலும் தவறு.

விலை மலிவான சில எல்இடி பல்புகளைப் பாருங்கள். பெட்டியில் 9 வாட். 10 சுற்றுச் சுற்றிக் கவ்வினால் 0.71 என்று காட்டுகிறது. அதாவது 0.071 ஆம்பியர், 230ஆல் பெருக்கினால் 16 சொச்சம். பெட்டியில் போட்டது பொய்யா? இல்லை. வோல்ட்டேஜ் ஏறும் நேரத்தில் மின்னோட்டமும் கூடவே ஏறினால்தான் இரண்டையும் பெருக்கிய தொகை முழுமையாக வேலையாகும். மோட்டாரில் மின்னோட்டம் பின்தங்கி வருகிறது. எல்இடி பல்பு, கணினி, டிவி போன்றவற்றில் வோல்ட்டேஜின் உச்சியில் மட்டும் வெடுக்கென்று ஒரு வாய் குடித்துவிட்டு மீதி நேரம் சும்மா இருக்கிறது. இரண்டிலும் ஆம்பியரை வோல்ட்டேஜால் பெருக்கிய தொகையைவிட உண்மையான வாட் குறைவு. அந்த விகிதம்தான் பவர் ஃபேக்டர். அந்தப் பல்புக்கு அது 0.55 என்றால் 16 சொச்சம் 9 ஆகிவிடும். பழைய ஃபிரிட்ஜ் ஒன்று 1 ஆம்பியர் காட்டினால் 230 வாட் என்று பதற வேண்டாம், 150 சொச்சம்தான் இருக்கும். வீட்டு மீட்டர் பதிவதும் இந்த உண்மையான வாட்டைத்தான்.

இதோடு இன்னொரு சிக்கல். விலை குறைந்த கிளாம்ப்புகள் மின்னோட்டத்தின் சராசரியை அளந்து 1.11ஆல் பெருக்கிக் காட்டுகின்றன. அலை ஒழுங்காக இருந்தால் அது சரி. வெடுக்கென்று குடிக்கும் சாதனங்களில் உண்மையைவிட மூன்றில் ஒரு பங்கு வரை குறைத்துக்கூடக் காட்டிவிடும். ‘ட்ரூ ஆர்எம்எஸ்’ (அலை எப்படியிருந்தாலும் சரியாக அளப்பது) என்று எழுதியிருப்பதற்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் செலவில்லை.

அப்படியானால் வோல்ட்டேஜையும் தொடாமல் அளக்க முடியுமா? முடியும், ஆனால் வழி வேறு. காந்தப்புலம் மின்னோட்டத்தைச் சொல்லும், வோல்ட்டேஜைச் சொல்வது மின்புலம். சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே விளக்கு எரிந்து பீப் என்று கத்தும் பேனா டெஸ்டரைப் பார்த்திருப்பீர்கள். கம்பியின் தாமிரம் ஒரு தகடு, பேனாவின் முனை ஒரு தகடு, நடுவில் பிளாஸ்டிக் உறை. மூன்றும் சேர்ந்து மிகச் சிறிய கெப்பாசிட்டர் ஆகிவிடுகின்றன. அதன் வழியாகக் கசியும் துளி மின்னோட்டம் உங்கள் உடல் வழியாகத் தரைக்குப் போகிறது. நீங்கள் உணரமாட்டீர்கள், பேனா உணர்ந்துவிடும். அது ‘இருக்கிறது, இல்லை’ என்று மட்டும் சொல்லும். உலோக ஷீல்டு சுற்றிய கேபிளில் மின்சாரம் இருந்தாலும் ‘இல்லை’ என்று சொல்லக்கூடும். அதை மட்டும் நம்பி யாரும் வயரில் கை வைக்கக் கூடாது. இதே வித்தையைத் திருத்தி, கவைபோன்ற திறந்த வாயில் கம்பியை வைத்தால் வோல்ட்டேஜை எண்ணாகவே காட்டும் கருவிகளும் விற்கின்றன. அவற்றுக்கும் பூமியின் துணை தேவை. உங்கள் கை கருவியைப் பிடித்திருக்க வேண்டும், அல்லது ஒரு வயரை எர்த்தில் மாட்ட வேண்டும். வயரைத்தான் தொடவில்லை, சுற்றில் நீங்களும் ஓர் உறுப்பாகிவிடுகிறீர்கள்.

வீட்டுக்கு இந்தப் பாடு தேவையில்லை என்பது என் எண்ணம். மின்னோட்டத்தை அந்தந்தக் கம்பியில்தான் அளக்க வேண்டும். வோல்ட்டேஜோ ஒரே ஃபேஸில் வீடு முழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். எந்தச் சாக்கெட்டிலும் எடுத்துக்கொள்ளலாம். மெயின் வயரில் கவ்வும் சி.டி.யும் சாக்கெட்டில் செருகும் சிறு டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டரும் ஒரு மைக்ரோகன்ட்ரோலரும் (சிறு கணினிச் சில்லு) இருந்தால், நொடிக்குச் சில ஆயிரம் முறை இரண்டையும் படித்து, அந்தந்தக் கணத்தில் பெருக்கி, சராசரி எடுத்தால் வருவது உண்மையான வாட். பவர் ஃபேக்டர் என்று தனியாக ஒன்றைத் தேடவே வேண்டாம், கணக்கிலேயே அடங்கிவிடும். வீட்டு மின்கண்காணிப்புக் கருவிகள் பலவற்றின் உள்ளே நடப்பது இதுதான். சி.டி.யைத் திருப்பிப் போட்டால் விடை கழித்தல் குறியோடு வரும். பழுதில்லை, திசைதான். கூரையில் சோலார் வைத்தவர்களுக்கு அந்தக் குறிதான் முக்கியம், மின்சாரம் வருகிறதா போகிறதா என்று சொல்வது அது. செய்து பார்க்கிறவர்கள் அயர்ன் பாக்ஸ் ஒன்றைப் போட்டு அளவைச் சரிசெய்துகொள்ளலாம். அதன் பவர் ஃபேக்டர் 1 என்பதால் அதைவிட நேர்மையான எடைக்கல் வீட்டில் கிடைக்காது. ஓர் எச்சரிக்கை: வெறும் காயிலாக வரும் சி.டி.யைக் கம்பியில் மாட்டிவிட்டு அதன் இரண்டு முனைகளையும் எதிலும் இணைக்காமல் விடாதீர்கள். போக வழியில்லாத மின்னோட்டம் முனைகளில் வோல்ட்டேஜை ஏற்றிவிடும். ஆலைகளில் இருக்கும் பெரிய சி.டி.யில் அது ஆளையே கொல்லும்.

ஆலை என்றதும், கையளவு கிளாம்ப்பால் கவ்வ முடியாத அகலமான தாமிரப் பட்டைகளுக்கு என்ன செய்வார்கள் என்று தோன்றலாம். கயிறுபோல் வளையும் ரோகோவ்ஸ்கி காயிலைச் சுற்றிக் கட்டுவார்கள். 1912இல் அதைப் பற்றி எழுதிய ரோகோவ்ஸ்கியின் பெயர் இன்னும் நிற்கிறது. அதில் இரும்பே இல்லை, ஆகவே எத்தனை ஆம்பியர் வந்தாலும் திணறாது. அலுமினியம் உருக்கும் ஆலைகளில் லட்சக்கணக்கான ஆம்பியர் நேர்மின்னோட்டத்தை அளக்க ஒளியிழையைச் சுற்றுகிறார்கள். காந்தப்புலம் ஒளியின் முனைவாக்கத் தளத்தை, அதாவது ஒளி அலை அதிரும் தளத்தை, திருப்பும் என்று 1845இல் ஃபாரடே கண்டார். ஒளி எவ்வளவு திரும்பியது என்று பார்த்தால் ஆம்பியர் தெரிந்துவிடும்.

நம் வீட்டுக்கு வருவோம். இத்தனையும் சொன்ன பிறகு, என்னைக் கேட்டால், நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது கிளாம்ப் மீட்டரை அல்ல. வாசலில் இருக்கும் மின்வாரிய மீட்டரின் முகத்தில் மினுக்கும் சிறு சிவப்பு விளக்கைத்தான். தொட வேண்டிய வேலையை எல்லாம் அந்த மீட்டர் ஏற்கெனவே செய்துவிட்டது. வோல்ட்டேஜ், மின்னோட்டம், பவர் ஃபேக்டர் மூன்றையும் பெருக்கி, ஒவ்வொரு துளி மின்சாரத்துக்கும் ஒருமுறை கண் சிமிட்டுகிறது. பக்கத்தில் யூனிட்டுக்கு 3200 என்றோ 1600 என்றோ அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட் என்பது 36,00,000 வாட்-நொடி. அதை 3200ஆல் வகுத்தால் 1125. ஆகவே இரண்டு சிமிட்டலுக்கு இடையே எத்தனை நொடி என்று பார்த்து, அந்த எண்ணால் 1125ஐ வகுங்கள். வருவது இந்தக் கணத்தில் வீடு எடுக்கும் வாட். 1600 போட்டிருந்தால் 2250ஐ வகுக்க வேண்டும்.

ஒரே இடைவெளியை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். கைபேசியில் நொடிக்கணக்கை ஓடவிட்டு, முதல் சிமிட்டலைப் ‘பூஜ்யம்’ என்று எண்ணத் தொடங்கி, இருபது வரை எண்ணுங்கள். முதலாவதை ‘ஒன்று’ என்று எண்ணுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. இருபதுக்கு 15 நொடி ஆனால் இடைவெளி 0.75 நொடி, 1500 வாட். ஏசி ஓடுகிறது என்று பொருள். ஃபிரிட்ஜ் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பார்த்தால் ஏழரை நொடிக்கு ஒருமுறை சிமிட்டலாம், 150 வாட். கிளாம்ப்பில் 1 ஆம்பியர் காட்டிய அதே ஃபிரிட்ஜ்தான்.

கடைசியாக, மூன்றாவது பூஜ்யம். உங்கள் கட்டணத்துக்கு இது பொருந்தலாம் என்று நினைப்பதால் சற்று விரித்தே சொல்கிறேன்.

என் அத்தை வீட்டில் இரண்டு மாதக் கணக்கெடுப்பில் வழக்கத்தைவிட முந்நூற்றுச் சொச்சம் யூனிட் கூடுதலாக வந்துவிட்டது. மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று புகார் எழுதத் தயாராக இருந்தார் மாமா. ‘எழுதுங்கள், அதற்கு முன் ஒரு பத்து நிமிடம் கொடுங்கள்’ என்றேன். ஃபிரிட்ஜின் பிளக்கையும் பிடுங்கி, எல்லா சுவிட்சுகளையும் அணைத்தோம். வாசலில் போய் நின்றால், சிவப்பு விளக்கு நிதானமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. பத்துச் சிமிட்டலுக்கு 45 நொடி. நாலரையால் 1125ஐ வகுத்தால் 250 வாட். எதுவுமே ஓடாத வீட்டில் ஒரு நாளைக்கு 6 யூனிட், அறுபது நாளைக்கு 360. கணக்கு அப்படியே பொருந்தியது.

மெயின் போர்டு மூடியைக் கழற்றி, உள்ளே வரும் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கவ்வினேன். நீங்கள் மிக்ஸி வயரில் செய்த அதே ‘தவறு’. இந்த முறை தெரிந்தே செய்தது. பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் 1.1 ஆம்பியர். போனது முழுவதும் திரும்பி வரவில்லை, வேறு வழியாக மண்ணுக்குப் போகிறது. எம்சிபிகளை, அதாவது அளவுக்கு மீறி மின்னோட்டம் போனால் தானே விழும் சுவிட்சுகளை, ஒவ்வொன்றாக இறக்கினேன். குளியலறை ஹீட்டருக்கானதை இறக்கியதும் எண் பூஜ்யத்துக்கு வந்தது. ஹீட்டர் காயிலின் உறை வெடித்திருந்தது. யாரோ வயரிங் செய்தபோது சுவிட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருந்தார். சுவிட்சை அணைத்தாலும் காயிலில் ஃபேஸ் இருந்துகொண்டேயிருந்தது. அங்கிருந்து தண்ணீர் வழியாகத் தொட்டியின் உடம்புக்கும், எர்த் கம்பிக்கும், மண்ணுக்கும். 16 ஆம்பியர் எம்சிபிக்கு 1.1 ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை. எர்த் கம்பி நன்றாக இருந்ததால் குளித்தவர்கள் பிழைத்தார்கள்.

ஆர்சிசிபி என்று ஒன்று மெயினில் இருந்திருந்தால் முதல் நாளே விழுந்திருக்கும். அதற்குள்ளும் ஃபேஸும் நியூட்ரலும் ஒன்றாக நுழையும் ஒரு சி.டி. வளையம்தான் இருக்கிறது. நீங்கள் கண்ட அந்தப் பூஜ்யத்தை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்து, 30 மில்லியாம்பியர் வித்தியாசம் வந்தால் மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

ஆகவே இன்று இரவு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் முன் இரண்டு நிமிடம் நில்லுங்கள். வைஃபை, டிவி பெட்டி போன்றவை செருகியிருந்தால் 10, 20 வாட் வரும், அதாவது ஒரு நிமிடம் அல்லது அதற்கும் மேல் ஒரு சிமிட்டல். இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தால் கணக்கு குழம்பிவிடும், அதன் பிளக்கையும் எடுத்துவிடுங்கள். பிறகும் சில நொடிகளுக்கு ஒருமுறை சிமிட்டினால் எலக்ட்ரீஷியனை அழைத்து, போர்டைத் திறந்து, இரண்டு வயர்களையும் சேர்த்துக் கவ்விப் பார்க்கச் சொல்லுங்கள். திறந்த போர்டுக்குள் திருகுகள் எல்லாம் மின்சாரத்தோடு துருத்திக்கொண்டிருக்கும், பழக்கமில்லாமல் நீங்களே கை விட வேண்டாம். ‘இரண்டையும் கவ்வினால் பூஜ்யம்தானே சார் வரும்’ என்று அவர் சிரித்தால், வருகிறதா என்று பார்க்கத்தான் அழைத்தேன் என்று சொல்லுங்கள்.